ஹீட்டர் கைப்பிடியில் ஒரு செம்புக் கம்பி

மணிலா
1993 அக்டோபர் 11

கும்பாரே க்ளெட்டோ,

நாளைக் காலை கப்பல் ஏறுகிறேன். ஏஜென்சிக்காரன் எட்டுப் பேரை ஒரே அறையில் அடைத்து வைத்திருக்கிறான். ஒருத்தன் குறட்டை விடுகிறான், இன்னொருத்தன் அழுகிறான், நான் உனக்கு எழுதுகிறேன். பெண்டாட்டி எர்லிண்டாவுக்கு எழுதினால் படித்துவிட்டு அழுவாள். நீயென்றால் படித்துவிட்டுக் காருக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பாய்.

நேற்றைய விருந்து இன்னும் வயிற்றில் கிடக்கிறது. அந்தப் பன்றித் தோல் மாதிரி மொறுமொறுப்பாக நம் ரொசாரியோவில் யாரும் சுட்டதில்லை. ஊரே சாப்பிட உட்கார்ந்திருக்க, நீ மட்டும் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் கும்பாரே, குமிழி வந்துக்கிட்டே இருக்கு" என்று கத்தியதைச் சொல்லிச் சொல்லி என் மாமியார் சிரித்தாள். நீ கை கழுவப் போன பிறகு நான் பார்த்தேனே, ஒரு குமிழி கூட இல்லை. ரேடியேட்டர் மூடியை இறுக்கிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். ஆகவே கவலையை விடு.

மூன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டே பேர். இன்ஜினின் தலையைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, மறுபடி பூட்டி ஓட விட்டோம். நீ ஒரு நாள் முழுக்கப் பிளேடை வைத்துப் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியதை நான் மறக்க மாட்டேன். கிளார்க் முகாமை விட்டுப் போன அந்த அமெரிக்கன் காரை வெறும் ஓடாகத்தான் நம்மிடம் தள்ளிவிட்டான். இப்போது வந்து பார்த்தால் திருப்பிக் கேட்பான்.

இனி முக்கியமான விஷயம். ஜனவரி 16, ஞாயிறு, காலை எட்டு மணி. பாகியோ அறிவியல் பள்ளிக்கு என் மகள் மரிவிக் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஒரே ஒரு தடவைதான். தவறினால் அடுத்த வருடம் வயது கடந்துவிடும். நீ அவளுடைய ஞானத்தகப்பன், அதனால்தானே எனக்குக் கும்பாரே; நீதான் ஓட்டிப் போக வேண்டும். சாவியை வேறு யாரிடமும் கொடுக்காதே, குறிப்பாக என் மச்சான் ரூஃபினோவிடம்.

ஹீட்டர் கைப்பிடியை நீலப் பக்கமாகத் தள்ளிச் செம்புக் கம்பியால் கட்டியிருக்கிறேன். எர்லிண்டாவின் பை பட்டு அது நகர்ந்தால் கால் வெந்துபோகிறது. ரொசாரியோ வெயிலில் ஹீட்டர் எந்தப் பைத்தியத்துக்கு வேண்டும்? அது அப்படியே இருக்கட்டும்.

உன் கும்பாரே,
டெல்ஃபின்


ரொசாரியோ
1993 நவம்பர் 14

கும்பாரே டெல்ஃபின்,

உன் வீட்டில் எல்லோரும் நலம். புயல் உன் கோழிக்கூட்டின் கூரையைத் தூக்கிக்கொண்டு போய் என் வீட்டு வாசலில் போட்டது. திருப்பிப் பொருத்திவிட்டேன். மரிவிக் கணக்கில் முதல் மதிப்பெண். அவளுடைய ஆசிரியை என்னை வழியில் நிறுத்தி, "இந்தப் பொண்ணு பாகியோ போகாட்டி அது நம்ம ஊருக்கே அவமானம்" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது, உன் மகளுடைய படிப்பு என் கையில் இருக்கிற ஸ்டியரிங்கில் தொங்குகிற மாதிரி.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உன் வேலையில் குறை சொல்வதாக நினைக்காதே.

வாரம் ஒரு முறை காரைச் சந்தை வரை ஓட்டிவிட்டு வருகிறேன். கிளப்பியதும் டாஷ்போர்டுக்குப் பின்னால் குடகுடவென்று தண்ணீர் உருளுகிற சத்தம் கேட்கிறது. மரிவிக், "அப்பாவோட காருக்குப் பசிக்குது நினோங்" என்று தன் ஞானத்தகப்பனிடம் சொல்கிறாள். ஐந்து வாரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காருக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை, எண்ணெயும் சுத்தமாக இருக்கிறது. கேஸ்கெட் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. வெளியே போகாத தண்ணீர் எங்கே போகும்? உள்ளே காற்று இருந்த இடத்துக்குத்தான் போக வேண்டும். மிச்சக் காற்று இன்னும் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்கன் விட்டுப்போன புத்தகம் டாஷ்போர்டுப் பெட்டியில் இருந்தது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருக்கிற பக்கத்தில், தண்ணீர் ஊற்றும்போது ஹீட்டர் கைப்பிடி சிவப்பில் இருக்கிற மாதிரிதான் படம். அந்த ஹீட்டருக்குள்ளும் இன்ஜின் தண்ணீர்தானே ஓடுகிறது கும்பாரே? நாம் வழியை அடைத்துவிட்டு ஊற்றியிருக்கிறோமோ?

நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது. கம்பியை அறுத்து, கைப்பிடியைச் சிவப்புக்குத் திருப்பி, தேவாலயத்து மேட்டில் மூக்கு உயர நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஓட விடுகிறேன். குமிழி நின்ற பிறகு மூடுகிறேன். அவ்வளவுதான் வேலை.

உன் கும்பாரே,
க்ளெட்டோ


டர்பன் துறைமுகம்
1993 டிசம்பர் 12

கும்பாரே,

உன் கடிதத்தை இன்ஜின் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ரொசாரியோவில் ஹீட்டர் போடப் போகிறானாம் என் கும்பாரே! அடுத்து என்ன, தேவாலயத்து மேட்டில் பனிச்சறுக்கா?

கேள். நான் பத்து வருடமாகக் கப்பல் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவன். என் இன்ஜினுக்குள் நீ எழுந்து நின்று ஜெபமே செய்யலாம், அவ்வளவு பெரியது. நீ வயல் பம்புக்கு வாஷர் மாற்றுகிறவன். நல்ல வாஷர்தான், மறுக்கவில்லை. ஆனால் காற்று எடுக்க எனக்கு நீ பாடம் சொல்ல வேண்டாம். தண்ணீர் புதிதாக ஊற்றினால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். சத்தமும் தானாக நிற்கும்.

நீ கேட்டபடி கைப்பிடியைச் சிவப்புக்குத் திருப்பி மறுபடி காற்று எடுக்கிற வேலையெல்லாம் கூடவே கூடாது. கம்பியை அறுக்காதே. மூடியைத் திறந்து ஓட விடாதே. கரையான் தின்ற புத்தகத்தைப் பார்த்து நீ எதையாவது கழற்றி வைத்தால் ஜனவரியில் என் மகள் நடந்துதான் பாகியோ போக வேண்டும். நீ என் கும்பாரே என்றால் அந்த இன்ஜினைத் தொடாதே.

கிறிஸ்துமஸுக்கு எர்லிண்டாவிடம் உனக்கென்று ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன், இரண்டு பை வைத்தது. ஸ்பானரைக் காதில் செருகிக்கொண்டு திரிவதை இனியாவது விடு.

டெல்ஃபின்


ரொசாரியோ
1994 ஜனவரி 18

கும்பாரே டெல்ஃபின்,

மரிவிக் தேர்வு எழுதவில்லை. சுற்றி வளைத்து எழுத எனக்கு வரவில்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. காரின் இன்ஜின் போய்விட்டது.

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். எர்லிண்டா வாழையிலையில் சுமான் அரிசிப் பலகாரம் கட்டிக் கொடுத்தாள். மரிவிக் மூன்று பென்சிலைச் சீவிக் கையிலேயே வைத்திருந்தாள். பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கிரகங்களின் பெயரை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வேகமாக ஓட்டவில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த ரோட்டில் யாரும் வேகமாக ஓட்ட முடியாது.

சூட்டுமானி முள்ளைப் பார்த்துக்கொண்டே போனேன். பாதியில் நின்றது. காம்ப் மூன்று என்கிற மலைக் கிராமம் தாண்டி, ஏற்றம் செங்குத்தாகிற இடத்தில், முள் கீழே இறங்கியது. ஏறவில்லை, இறங்கியது. "பாத்தியா, உங்கப்பா கை வச்ச வண்டி, சூடே ஏறல" என்று நானும் பெருமையடித்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் மரிவிக், "நினோங், அடுப்புல வெறும் சட்டி காயற வாசனை வருது" என்றாள். நான் காலை எடுப்பதற்குள் கடகடவென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. பாலத்துக்கு ஐம்பது அடி முன்னால் வண்டி நின்றது. மூடியிலிருந்து வெறும் ஆவி அடித்தது.

ஆறு இருபது. பஸ்கள் நிரம்பிப் போயின, ஒன்றும் நிற்கவில்லை. நான் ரோட்டின் நடுவில் நின்று கையை விரித்தேன். ஒருத்தன் ஒதுங்கிப் போனான், ஒருத்தன் என் தாயைத் திட்டினான். ஏழு மணிக்கு ஒரு ஜல்லி லாரி நின்றது. மேலே ரோடு வேலை, ஒற்றை வழி. லாரிக்காரன் தன்னால் முடிந்ததைச் செய்தான். பள்ளி வாசலுக்கு நாங்கள் போனபோது எட்டு இருபத்தைந்து. காவலாளியிடம் கெஞ்சினேன், மண்டி போட்டேன். "எட்டுக்கு மூடிட்டா அவ்வளவுதான் அண்ணே, எனக்கும் பிள்ளை இருக்கு, எனக்கும் வேலை வேணும்" என்றான். ஜன்னல் வழியே பிள்ளைகள் குனிந்து எழுதுவது தெரிந்தது. மரிவிக் அழவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பென்சிலையும் என்னிடம் கொடுத்து, "நீங்க வச்சுக்கோங்க நினோங்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அன்றே திரும்பிப் போய், மலையூற்றில் தண்ணீர் பிடித்துக் காருக்குள் ஊற்றிப் பார்த்தேன். இன்ஜின் அசையவில்லை. கட்டி இழுத்து வந்து உன் முற்றத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்று நான் இப்போது எழுத மாட்டேன். ஓட்டியவன் நான். உன் மகளைக் கொண்டு சேர்க்கவில்லை. அடிக்க வேண்டுமென்றால் வந்து அடி.

க்ளெட்டோ


கடலிலிருந்து
1994 பிப்ரவரி 13

திரு. அனக்லெட்டோ டும்லாவ் அவர்களுக்கு,

உன் கடிதமும் எர்லிண்டாவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. உன்னுடையதை ஒரு முறை படித்தேன். அவளுடையதைப் பத்து முறை படித்தேன்.

ரூஃபினோ காரைத் திறந்து பார்த்திருக்கிறான். நான் காசு போட்டு வாங்கி ஊற்றிய பச்சைக் குளிர்நீர் உள்ளே ஒரு சொட்டு இல்லையாம். பச்சைத் தண்ணீர் எங்கே போனது? ஊற்றுத் தண்ணீர் ஊற்றினேன் என்று கதை விடுகிறாய். அதற்கு முன்பே வடித்து எவனுக்கோ விற்றுவிட்டு, வாய்க்கால் தண்ணீரை ஊற்றியிருக்கிறாய் என்கிறான் ரூஃபினோ. முதலில் நம்பவில்லை. பிறகு யோசித்தேன். மூடியைத் திறக்க உனக்கு எவ்வளவு அரிப்பு இருந்தது! திறக்காதே என்று சொல்லியும் திறந்தாய். நான் கடலில் இருக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாய்.

இன்ஜின் போனால் போகிறது. என் மகள் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்த ஒரே ஒரு காலைப் பொழுது அது. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் அவளைக் கையில் ஏந்திக்கொண்டு, "இவளுக்கு நானும் ஒரு தகப்பன்" என்று பாதிரியாரிடம் சொன்னவன் நீ. பாம்புக்குப் பால் வார்த்திருக்கிறேன்.

ஊர்த் தலைவர் கபித்தானுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கும்பாரேயை ஊர்க் கூடத்துக்கு இழுப்பது வழக்கமில்லை என்று எர்லிண்டா தயங்கி எழுதியிருந்தாள். அவன் இனி கும்பாரே இல்லை என்று பதில் எழுதிவிட்டேன். சாவியைத் திருப்பிக் கொடு. என் முற்றத்தில் கால் வைக்காதே.

டெல்ஃபின் கலினாட்டோ


ரொசாரியோ
1994 மார்ச் 7

டெல்ஃபின்,

சனிக்கிழமை கூடம் கூடியது. நீ அங்கே இல்லை என்பதால் நடந்ததை நானே எழுதுகிறேன். ரூஃபினோ எழுதினால் உப்பு மிளகாய் சேர்ப்பான்.

சேவல் சண்டை இல்லாத சனிக்கிழமை, ஆகவே ஊரே வந்திருந்தது. கபித்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். 'திருடன்' என்கிற வார்த்தை வந்த இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்து, "நான் எழுதல க்ளெட்டோ, இருக்கறதப் படிக்கிறேன்" என்றார். மூன்று இடத்தில் அப்படி நிறுத்தினார். மூன்று முறையும் அதையே சொன்னார்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஆவி அடங்கிய பிறகு நான் இன்ஜின் மேல் கை வைத்தேன் டெல்ஃபின். தோல் உரிந்தது, இன்னும் ஆறவில்லை. அங்கிருந்து ஹீட்டருக்காக உள்ளே போகிற இரண்டு ரப்பர் குழாயையும் தொட்டேன். மலைக்காற்று மாதிரி சில்லென்று இருந்தன. தண்ணீர் அந்தப் பக்கம் ஒரு நாளும் முழுதாகப் போனதே இல்லை. அந்தப் பழைய வால்வு முழுதாக மூடாது போலிருக்கிறது. அதனால்தான் சந்தை ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுவிட்டு அந்தச் சத்தம் போட்டது. மலையில் மூக்கு உயர்ந்ததும் மிச்சக் காற்று மொத்தமும் நழுவி வந்து இன்ஜினின் தலையில் உட்கார்ந்துகொண்டது. சூட்டுமானி தண்ணீரைத்தான் அளக்கும். அது நின்ற இடத்தில் தண்ணீரே இல்லை. அதனால்தான் முள் இறங்கியது, நானும் சந்தோஷப்பட்டேன். உன் பச்சைத் தண்ணீரா? அது கொதித்து ஆவியாகி என் முகத்தில்தான் அடித்தது.

இதெல்லாம் ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். உனக்கு எழுதவில்லை. நடுக்கடலில் இருக்கிறவன் மனதில் இதை ஏன் ஏற்ற வேண்டும், ஊருக்கு வரும்போது குழாயைக் காட்டினால் தானே புரிந்துகொள்வாய் என்று இருந்தேன்.

சனிக்கிழமை நீ அனுப்பிய சட்டையைத்தான் போட்டிருந்தேன். ஒரு பையில் உன் டிசம்பர் கடிதம். "கைப்பிடியைச் சிவப்புக்குத் திருப்பி மறுபடி காற்று எடுக்கிற வேலையெல்லாம் கூடவே கூடாது." உன் கையெழுத்து. கபித்தானிடம் நீட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து எழுதியிருந்தாயே, அது ஊருக்கே தெரிந்திருக்கும். கையைப் பைக்குள் விட்டேன். அப்போதுதான் இரண்டாவது பெஞ்சில் எர்லிண்டா பக்கத்தில் மரிவிக் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு தேர்வை இழந்துவிட்டாள். அப்பாவையும் சேர்த்து இழக்க வேண்டுமா? கையை வெறுமனே வெளியே எடுத்தேன். "சொல்றதுக்கு எதுவும் இருக்கா?" என்றார் கபித்தான். "இல்லை" என்றேன். வாயில்லாப் பூச்சி என்று ஊர் சொல்கிறது. சொல்லட்டும்.

உனக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்றால், வீட்டுக்கு வந்து பதினான்காம் நம்பர் ஸ்பானரை எறிந்து என் சுவர்க் கண்ணாடியையே உடைத்தேன்.

என் தப்பும் உண்டு. கை சொல்லியது, புத்தகம் சொல்லியது, வண்டியே குடகுடவென்று சொல்லியது. நீ கும்பாரே என்ற ஒரு வார்த்தையைப் போட்டுக் கட்டியதும் கம்பியைத் தொடாமல் விட்டேன். அந்த வார்த்தைக்கு நான் கட்டுப்பட்டேன். நீ இரண்டே மாதத்தில் அதை அடித்துவிட்டு 'திரு' போட்டாய்.

சாவியைக் கபித்தான் மேசையில் வைத்துவிட்டேன். பழுது பார்க்கப் பம்பு கொண்டுவந்தவர்கள் இரவல் கொடுத்த பொருளைக் கேட்கிற மாதிரி வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். என் பட்டறையில் இப்போது கோழிதான் முட்டையிடுகிறது. இருபத்தைந்தாம் தேதி மரிவிக்கின் ஆறாம் வகுப்புப் பட்டமளிப்பு. நீ இல்லாததால் மேடையில் அவளுக்கு ரிப்பன் குத்துகிறவன் நான்தான் என்று அக்டோபரில் பேசினோம். ரூஃபினோ குத்துவான் என்று எர்லிண்டா ஆள் அனுப்பிச் சொன்னாள். அதுதான் இந்த ஊர் எனக்குச் செய்ததில் பெரியது.

அனக்லெட்டோ


சாண்டோஸ் துறைமுகம்
1994 ஏப்ரல் 8

கும்பாரே,

இந்த வார்த்தையை எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று அதைப் பொய் என்றுதான் நினைத்தேன். நான்கு நாள் கழித்து இங்கே ஜெனரேட்டர் இன்ஜினைப் பிரித்து மாட்டினோம். தண்ணீர் நிரப்புகிற வேலை எனக்கு. இரண்டாம் இன்ஜினியர் போலந்துக்காரர், ஏறிவந்து பார்த்தார். "கேபின் ஹீட்டருக்குப் போற வால்வைத் தொறந்தியா?" என்று கேட்டார். "இந்த வெயில்ல ஹீட்டர் எதுக்கு சார்?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் உனக்கு எழுதியதே என் காதில் கேட்டது. அவர் என் கையைப் பிடித்து அந்தக் குழாயின் மேல் வைத்தார். சில்லென்று இருந்தது. "ஹீட்டர் உனக்கு இல்லடா, தண்ணிக்கு! அதுவும் ஒரு வழிடா. அடச்சு வச்சா காத்து அங்கதான் குடியிருக்கும்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதைப் பன்றி சுட்ட நாளிலிருந்து மறைத்து வைத்திருக்கிறேன். நீ கை கழுவிவிட்டு வந்தபோது, ஒரு குமிழி கூட இல்லை என்றேனே, அது பொய். வந்துகொண்டுதான் இருந்தது. மாமியார் தட்டோடு நின்று கூப்பிட்டாள். மணிலா பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. மூடியை இறுக்கிவிட்டேன்.

நான் தப்பு செய்துவிட்டேன் கும்பாரே. நீ கூடத்தில் வாயைத் திறக்காமல் நின்றதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுதல். இது நமக்குள் இருக்கட்டும். எர்லிண்டாவிடம் சொல்லாதே. மரிவிக்கிடம் சொல்லவே சொல்லாதே, அவள் கண்ணில் நான் சின்னவனாகக் கூடாது. நீயே அதை நினைத்துத்தானே பேசாமல் இருந்தாய்? அந்த டிசம்பர் கடிதத்தைக் கிழித்துப் போடு. கபித்தானுக்கு மறுபடி எழுதினால் ஊர் சிரிக்கும். ஆகஸ்டில் வருகிறேன். பெரிய பன்றியாகச் சுட்டு ஊரையே கூப்பிட்டு, உன்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறேன். அதைப் பார்த்தாலே எல்லோருக்கும் புரிந்துவிடும், ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. உனக்கு ஒரு ஸ்பானர் செட் வாங்கி வைத்திருக்கிறேன், ஜெர்மன் சாமான்.

உன் கும்பாரே,
டெல்ஃபின்


ரொசாரியோ
1994 மே 3

டெல்ஃபின்,

பன்றி வேண்டாம். ஸ்பானரும் வேண்டாம். என்னிடம் பதினான்காம் நம்பர் இன்னும் இருக்கிறது, கண்ணாடியை உடைத்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

குமிழி வரும்போதே மூடினாய், சரி. பசியும் பயண அவசரமும் யாருக்கும் உண்டு. "இன்னும் வருது கும்பாரே, எனக்கு நேரமில்ல, நீ பாத்துக்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே முடித்திருப்பேன். சாப்பாடு கூட எனக்குப் பெரிதில்லை. நீ என் முகத்தைப் பார்த்து இல்லை என்றாய். பிறகு ஊர் முகத்தைப் பார்த்துத் திருடன் என்றாய். இப்போது உண்மை தெரிந்த பிறகும் நான்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறாய். திட்டும்போது ஊர் கேட்கச் சத்தமாகப் படிக்கச் சொன்னாய், மன்னிப்பை மட்டும் என் காதில் சொல்கிறாய். முதல் இரண்டையும் நான் பொறுத்தேன் டெல்ஃபின். இது வலிக்கிறது.

மரிவிக்கின் பட்டமளிப்பைப் பற்றி உனக்கு யாரும் முழுசாக எழுதியிருக்க மாட்டார்கள். நானும் அங்கே போகவில்லை. வேலிக்கு வெளியே கரும்புச்சாறு விற்கிறவள் சொன்னதுதான். முதல் பரிசு உன் மகளுக்கு. பெயரைக் கூப்பிட்டதும் ரூஃபினோ புதுச்சட்டையோடு மேடை ஏறினான். மரிவிக் அவன் கையிலிருந்து ரிப்பனை மட்டும் வாங்கிக்கொண்டு, தலை வணங்கிவிட்டு, குத்திக்கொள்ளாமலே இறங்கிவிட்டாளாம். எர்லிண்டா முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாளாம்.

அரை மணி நேரத்தில் என் பட்டறை வாசலில் வந்து நின்றாள். வெள்ளை உடை, வெள்ளைச் செருப்பு முழுக்கச் சேறு. ரிப்பனை நீட்டினாள். "கையெல்லாம் கிரீஸ் கண்ணு" என்றேன். "பரவால்ல நினோங்" என்றாள். குத்திவிட்டேன். தோளில் என் கட்டைவிரல் அப்படியே பதிந்துவிட்டது.

பிறகு கேட்டாள். "பாலத்துகிட்ட கைப்பிடியிலேருந்து ஒண்ணை அறுத்துச் சட்டைப் பையில போட்டீங்களே, அது எங்க?"

அவள் பார்த்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அன்று நான் போட்டிருந்த பழைய சட்டை ஆணியில்தான் தொங்கியது. எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது அப்பா கட்டினது. நான் பின்சீட்டுல இருந்தேன். பாடிக்கிட்டே கட்டினாரு" என்றாள். "நீங்க அந்தப் புத்தகத்தப் பாத்துட்டு அப்பாவுக்கு எழுதிக் கேட்டதும் எனக்குத் தெரியும் நினோங். அப்பா என்ன பதில் எழுதினாருன்னு மட்டும் நீங்க சொல்லவே இல்ல. கூடத்துல பைக்குள்ள கை விட்டீங்க, வெறுங்கையா எடுத்தீங்க. என்னைப் பாத்துட்டா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "ஆமா" என்றேன்.

கடிதத்தை அவள் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. அது கிழியாமல் என் பெட்டியில் இருக்கிறது, உன் மகள் கேட்கிற நாளில் கொடுப்பேன். கம்பியை மட்டும் என் கையில் திருப்பி வைத்தாள். "இத அப்பாவுக்கு அனுப்புங்க. எதுவும் எழுத வேண்டாம். அவருக்குத் தெரியும்" என்றாள்.

ஐந்து வாரம் அனுப்பாமல் வைத்திருந்தேன். என் மார்ச் கடிதம் உனக்குக் கிடைக்கட்டும், படித்தால் நீயே கபித்தானுக்கு எழுதிவிடுவாய், அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படிப்பார், இந்தப் பிள்ளை இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்பாள், பிறகு இந்தக் கம்பிக்குத் தேவையே இருக்காது என்று காத்திருந்தேன். அவளிடமும் அப்படித்தான் சொன்னேன், "உங்கப்பா எழுதுவாரு" என்று.

உன் கடிதம் நேற்று வந்தது. கபித்தானுக்கு ஒன்றும் வரவில்லை. நான் போய்க் கேட்டேன்.

உறைக்குள் தடவிப் பார், நான்கு விரல் நீளம். எனக்கு நீ பதில் எழுத வேண்டாம். மரிவிக்தான் தினமும் தபால்காரனை வழியில் நிறுத்துகிறாள்.

அனக்லெட்டோ டும்லாவ்